இழுக்கத் தெரியும்... தள்ளத் தெரியாது!

காலை ஷிப்ட் நேரத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் ஒரு ஐந்து நிமிஷம் சும்மா நின்று வேடிக்கை பாருங்கள். சென்னையிலிருந்து வரும் மின்சார ரயில் முழுசாக நிற்பதற்குள்ளேயே ஒருவர் டிபன் பையோடு தாவி இறங்குவார் (இறங்கக் கூடாது, அது வேறு விஷயம்!). இன்னொருவர் இரண்டிரண்டு படியாக மேம்பாலம் ஏறுவார். சிப்காட் கம்பெனி பஸ் கிளம்பிவிடுமோ என்று புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண் ஓட்டமும் நடையுமாகப் போவார்.

இவர்களில் யாராவது, "இப்போது தொடையைச் சுருக்க வேண்டும், இப்போது கணுக்காலை நீட்ட வேண்டும்" என்று யோசித்திருப்பார்களா? இல்லை. ஆனாலும் 206 எலும்புகள், 600-க்கும் மேற்பட்ட தசைகள், இவற்றை இணைக்கும் மூட்டுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் வேலை செய்து முடித்துவிட்டன!

இதே ஆட்கள் ராத்திரி வீட்டுக்கு வந்ததும் என்ன சொல்கிறார்கள்? "இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா... கொஞ்சம் தைலம் தேச்சு விடேன்!" உலக அளவில் மனிதர்களை அதிகமாக முடக்கிப் போடும் கோளாறு எது தெரியுமா? கேன்சரோ மாரடைப்போ அல்ல. சாதாரண இடுப்பு வலிதான்! ஆகவே, நம் உடம்பு எப்படி அசைகிறது என்று தெரிந்துகொள்வது பரீட்சைக்குப் படிக்கும் பாடம் மட்டுமல்ல. சம்பாதிக்கும் கையையும் காலையும் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

எலும்பு... உடம்புக்குள் ஒரு கான்கிரீட்!

கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பாலைகளில் கட்டடக் கம்பி தயாராவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது உள்ளே கம்பி வைக்கிறோமே, ஏன்? சிமெண்ட்டும் ஜல்லியும் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் இழுத்தால் விரிசல் விடும். கம்பி இழுவையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் தளம் நிற்கும்.

நம் எலும்பும் அச்சு அசலாக இதே சங்கதிதான். கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு ஜல்லி, சிமெண்ட் மாதிரி. அதற்குள் ஓடும் 'கொலாஜன்' என்ற புரத நார் கம்பி மாதிரி. சந்தேகமாக இருந்தால் சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊறப் போடுங்கள். உப்பு கரைந்துபோய், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். மிச்சம் இருப்பது கொலாஜன்!

ஆனால் கான்கிரீட்டுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எலும்பு உயிருள்ளது. பழசை அரித்து எடுக்க ஒரு வகை செல், புதுசாகக் கட்ட இன்னொரு வகை செல் என்று உள்ளே கொத்தனார் வேலை ஓயாமல் நடக்கிறது. வேலை கொடுத்தால் எலும்பு கெட்டிப்படும். சும்மா வைத்தால் இளைக்கும். டென்னிஸ் விளையாடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு தடிமனாக இருக்கும். விண்வெளிக்குப் போகிறவர்களுக்கோ, உடம்பின் எடையே தெரியாததால், இடுப்பு எலும்புச் சத்து மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது!

கிண்டியில் கண்டுபிடித்த மூன்று புரிக் கயிறு

கொலாஜன் என்றதும் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நாரின் அமைப்பு எப்படி என்று உலகமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம். 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும், அவரோடு வேலை பார்த்த கோபிநாத் கர்த்தாவும் விடை சொன்னார்கள். மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்ட கயிறு அது என்பதுதான் அந்த விடை. அடுத்த வருஷமே அதை இன்னும் திருத்தமாகச் சொன்னார்கள். இந்த ஆராய்ச்சிக்குக் கங்காருவின் வால் தசைநாண் தேவைப்பட்டது. அதைக் கொடுத்து உதவியது அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்!

நம் கிணற்றுக் கயிறு ஏன் அறுந்துபோகாமல் வாளியைத் தூக்குகிறது? புரி புரியாகத் திரித்திருப்பதால்தானே. இயற்கையும் அதே தந்திரத்தைத்தான் செய்திருக்கிறது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் 'லிகமெண்ட்' இரண்டுமே பெரும்பாலும் இந்தக் கொலாஜன் கயிறுதான். இந்தக் கயிறு சரியாகத் திரிய வைட்டமின் சி கண்டிப்பாக வேண்டும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எல்லாம் சளி பிடிக்காமல் இருக்க மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்!

கதவுக்குக் கீல்... உடம்புக்கு மூட்டு

எலும்பு வளையாது. வளையாத எலும்பை வைத்துக்கொண்டு உடம்பு எப்படி வளைகிறது? மூட்டுகளால்தான்.

முழங்கையைப் பாருங்கள். கதவுக் கீல் மாதிரி மடக்கலாம், நீட்டலாம், அவ்வளவுதான். தோள்பட்டை அப்படியல்ல. கிண்ணத்துக்குள் பந்தை வைத்தாற்போன்ற மூட்டு. சுற்றிச் சுழலும். தோள்பட்டையின் கிண்ணம் ஆழம் குறைவு. அதனால்தான் கையை எப்படி வேண்டுமானாலும் வீச முடிகிறது. அதனாலேயே எளிதில் நழுவியும் விடுகிறது! இடுப்பு மூட்டில் கிண்ணம் ஆழம். ஆட்டம் கொஞ்சம் கம்மி, உறுதி அதிகம். நாள் முழுக்க நம்மைச் சுமக்க வேண்டுமே!

மூட்டுக்குள் எலும்பும் எலும்பும் நேராக உரசுவதில்லை. இரண்டு முனையிலும் வழவழப்பான குருத்தெலும்பு. நடுவே முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஒரு திரவம். பஸ்ஸுக்கு கிரீஸ் போடுகிறார்களே, அது போல. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அப்படியானால் அதற்குச் சாப்பாடு? ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வெளியேறும், விட்டதும் மறுபடி உறிஞ்சும். மூட்டை மடக்கி நீட்டும்போது குருத்தெலும்பு இப்படித்தான் அந்தத் திரவத்திலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. "முட்டி வலிக்குது, அதனால நான் அசையவே மாட்டேன்" என்று பாட்டி உட்கார்ந்துவிட்டால், மூட்டைப் பட்டினி போடுகிறார் என்று அர்த்தம்.

விரலில் சொடக்கு எடுத்தால் எலும்பு தேய்ந்துவிடும் என்று பிள்ளைகளை அதட்டுகிறோம் அல்லவா? அந்தச் சத்தம் எலும்பு உரசுவதால் வருவதல்ல. மூட்டுத் திரவத்தில் ஏற்படும் வாயுக் குமிழால் வருவது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க டாக்டர் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இடது கையில் மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையை விட்டு வைத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-ல் எழுதினார். பொறுமைசாலி!

தசைக்குத் தெரிந்தது ஒரே வித்தை

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம். தசை.

தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியவே தெரியாது! "என்ன சார், நான் கதவைத் தள்ளுகிறேனே?" என்கிறீர்களா? தள்ளும்போதும் உள்ளே ஏதோ ஒரு தசை எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வலது கையை மடக்கி, இடது கையால் புஜத்தைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கத் தசை உருண்டு திரளும். அது சுருங்கி முன்கை எலும்பை மேலே இழுக்கிறது. இப்போது மேஜையை உள்ளங்கையால் கீழே அமுக்குங்கள். புஜத்தின் பின்பக்கம் இறுகும். கையை நீட்டுகிற வேலை அந்தத் தசைக்கு. கிணற்று ராட்டினத்தில் இரண்டு பக்கமும் வாளி கட்டினால் ஒன்று ஏற, ஒன்று இறங்குமே, அது மாதிரி தசைகள் ஜோடி ஜோடியாக வேலை செய்கின்றன. ஒன்று இழுக்கும்போது ஜோடித் தசை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் முறைத்துக்கொண்டால் அசைவே இருக்காது. குடும்பம் நடத்துவது மாதிரிதான்!

தசைக்குள் என்ன நடக்கிறது? மூளையிலிருந்து உத்தரவு முதுகுத்தண்டு வழியாக நரம்பில் ஓடி வரும். தசை நாருக்குள் கால்சியம் அவிழ்த்துவிடப்படும். உடனே தடித்த இழைகள் மெல்லிய இழைகளைப் பிடித்து, கயிறு இழுக்கும் போட்டியில் கை மாற்றி மாற்றி இழுப்பார்களே, அப்படி இழுக்கும். இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. இதையும் 1954-ல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதின. இரண்டிலும் ஹக்ஸ்லி என்று ஒருவர். ஆனால் சொந்தக்காரர்கள் அல்ல!

இதில் ஒரு விசித்திரம். பிடித்த பிடியை விடுவதற்கும் தசைக்குச் சக்தி தேவை. இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது ஏன் என்று இப்போது புரிகிறதா? சக்தி தீர்ந்துபோய், பிடித்த பிடி பிடித்தபடியே நின்றுவிடுகிறது.

5 கிலோ பைக்கு 40 கிலோ இழுப்பு!

மார்க்கெட்டிலிருந்து 5 கிலோ காய்கறிப் பையைக் கையை மடக்கித் தூக்கி வருகிறீர்கள். புஜத் தசை எவ்வளவு இழுக்க வேண்டும்? 5 கிலோதானே என்பீர்கள். இல்லை. சுமார் 40 கிலோ!

கணக்கு எளிது. முழங்கை மூட்டிலிருந்து உள்ளங்கை ஏறத்தாழ 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. தசைநாண் எலும்பைப் பிடித்திருக்கும் இடமோ மூட்டிலிருந்து நாலைந்து செ.மீ. தூரத்தில். கடப்பாரையைத் தப்பான பக்கம் பிடித்து நெம்புவது மாதிரி! இயற்கை ஏன் இப்படி நஷ்டக் கணக்கு போட்டது? லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தசை ஒரு செ.மீ. சுருங்கினால் கை ஏழெட்டு செ.மீ. நகரும். பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறோம். பந்து வீசுவதும், மாவாட்டுவதும், மிருதங்கம் வாசிப்பதும் இந்த வியாபாரத்தால்தான்.

தண்ணீர் கேனும் இடுப்பும்

இதே கணக்கை இடுப்புக்குப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் எடை 20 கிலோ. அதைக் குனிந்து, கையை நீட்டி, முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்துத் தூக்குகிறீர்கள் என்று வையுங்கள். முதுகை நிமிர்த்தும் தசைகள் இருப்பதோ முதுகெலும்பு மூட்டுக்கு 5 செ.மீ. பின்னால். பத்தில் ஒரு பங்கு தூரம்! ஆகவே அவை கேனுக்காக மட்டும் 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். உங்கள் மேல் உடம்பின் பாரம் இதில் சேர்க்கவில்லை. அத்தனை இழுப்பும் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளின் தலையில்தான் விடியும்.

அதே கேனை உடம்போடு அணைத்து 25 செ.மீ. தூரத்தில் வைத்துத் தூக்கினால்? 100 கிலோதான். பாதி! காசு செலவில்லாமல் பாதி பாரம் குறைந்தது. வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சுமார் 30 கிலோ. அதைத் தூக்கவே தூக்காதீர்கள். சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டுங்கள். எதைத் தூக்கினாலும் சுமந்துகொண்டே இடுப்பைத் திருகாதீர்கள். காலை நகர்த்தித் திரும்புங்கள்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் வகுத்த கணக்குப்படி, எல்லா வசதியும் சரியாக இருந்தாலும் ஒரு ஆள் வேலையாகத் தூக்கத் தக்கது 23 கிலோதான். குனிய, திரும்ப, அடிக்கடி தூக்க வேண்டியிருந்தால் அதுவும் குறையும். நம் ஊரில் ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ! நம் நாட்டின் 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டமே, காயம் உண்டாக்கும் அளவுக்குப் பளுவான எதையும் யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 34-வது பிரிவில் எழுதி வைத்தது. ஆகவே தள்ளுவண்டி கேட்பதோ, "ஒரு கை குடுங்கண்ணே" என்று பக்கத்து ஆளைக் கூப்பிடுவதோ சோம்பேறித்தனம் அல்ல.

திருத்தணிப் படியும் முழங்காலும்

நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் முருகனைப் பார்க்க 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி! ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை, ஆனால் முட்டி கெஞ்சுகிறது. ஏன்?

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. சக்தி நிறையச் செலவாகும். அதனால் மூச்சிரைப்பு. இறங்கும்போது அதே தசை பிரேக் பிடிக்கிறது. அதாவது, இழுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. சக்திச் செலவு குறைவு. ஆனால் தசை நார்களுக்குக் கஷ்டம் அதிகம். கோயிலுக்குப் போய் வந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை கனப்பது இதனால்தான். இரண்டு மூன்று நாளில் தானே சரியாகிவிடும்.

முட்டிக்கு எவ்வளவு பாரம்? ஜெர்மனியில் செயற்கை முட்டிக்குள்ளேயே அளவுக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடந்தால் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறினால் மூன்று மடங்குக்கும் மேல். இறங்கினால் சுமார் மூன்றரை மடங்கு. 60 கிலோ ஆளுக்கு, இறங்கும் ஒவ்வொரு படிக்கும் 200 கிலோவுக்கு மேல்! இதிலிருந்து இன்னொன்றும் புரியும். உடம்பில் 5 கிலோ குறைத்தால் முட்டிக்கு 15 கிலோவுக்கு மேல் லாபம். ஏற்கெனவே முட்டி வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மலை மேலே போக ரோடும் இருக்கிறது!

அத்திரம்பாக்கத்துக் கட்டைவிரல்

பூண்டி ஏரிப் பக்கம் அத்திரம்பாக்கம் என்று ஒரு கிராமம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் அங்கே கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டி ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவுப்படி, அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் வருஷம்! கல்லால் கல்லைக் குறிபார்த்துத் தட்டி விளிம்பு கூராக்க, வலுவான பிடி வேண்டும். அந்தப் பிடியைத் தருவது கட்டைவிரல். அதன் அடி மூட்டு குதிரைச் சேணம் மாதிரி வளைந்திருப்பதால், மற்ற நாலு விரல் நுனியையும் தொட்டுவிட்டு வரும்.

ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன! அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான குகை வழியாக விரல்களுக்கு ஓடுகின்றன. அதே குகைக்குள் ஒரு நரம்பும் போகிறது. அசெம்பிளி லைனில் நாள் முழுக்க ஸ்குரூ முடுக்குகிறவர்களுக்கும், ஓயாமல் துணி பிழிகிறவர்களுக்கும் உள்ளே வீங்கி, அந்த நரம்பு நசுங்கலாம். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் உதறத் தோன்றினால், "ரத்தம் பத்தலை" என்று டானிக் குடித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நிற்பதும் ஒரு வேலைதான்

மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவரைப் பார்த்து, "சும்மா நிக்கிறதுதானே" என்று சொல்லாதீர்கள். நிற்கும்போது கெண்டைக்கால், தொடை, முதுகுத் தசைகள் விடாமல் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பும். அதற்கு 'இரண்டாவது இதயம்' என்றே பெயர். அசையாமல் நின்றால் அந்தப் பம்ப் ஓடாது. கால் வீங்கும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறோமே, உண்மையில் அது நரம்பல்ல, ரத்தக் குழாய். ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது இந்தக் கால்களுக்காகத்தான். நின்றே வேலை செய்கிறவர்கள் அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சமையலறையில் நிற்கிற அம்மாக்களும்தான்!

தினமும் செய்ய வேண்டியது

* அரை மணி நேரம் நடை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்தால்கூடப் போதும்.

* பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், எள், முருங்கைக்கீரையும் சேருங்கள்.

* கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்பும் ஷிப்ட்காரர்களுக்கு வெயில் படுவதே அபூர்வம். லீவு நாளிலாவது வெயிலில் நடங்கள்.

* தசை வளர புரதம் வேண்டும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன். தட்டு நிறைய சாதம், ஓரமாக ஒரு கரண்டி பருப்பு என்ற கணக்கை மாற்றுங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டாம்; முடிந்த அளவு நடமாடுங்கள். ஆனால் இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்தாலும், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும் அப்படியே. சுளுக்கு என்று நினைத்துக் கண்டவரிடம் உருவி விட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே எலும்பு முறிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எந்த மெஷினுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். முட்டிக்கும் இடுப்புக்கும்கூட இன்றைக்கு மாற்று வந்துவிட்டது. ஆனால் ஒரிஜினல் பார்ட்ஸ் ஒரே ஒரு செட்தான். அதற்கு ஆயில் நடை. பெட்ரோல் நல்ல சாப்பாடு. இந்த வாரம் தண்ணீர் கேன் வந்ததும், வீட்டில் யார் தூக்கினாலும் அதை உடம்போடு அணைத்துத் தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு உங்களுக்கு நன்றி சொல்லும்!